இல்லகத்து இன்னாமையும் அறத்தொடு நிற்றலும்

இல்லறத்தைப் போற்றாத தமிழ் நூல் அரிது. அறநூலாசிரியர் ஏனை அறங்களுக்கெல்லாம் அதனையே நிலைக்களனாக வைத்தனர். அகம் பாடிய புலவர் அதன் தோற்றுவாயாகிய காதலை ஐந்திணையாக வகுத்துப் பாடினர். காப்பியப் புலவர் அதன் சிறப்பையும் சிதைவையும் ஒருங்கே காட்டினர். ஆயினும், அன்பின் உறைவிடம் எனப் பேசப்படும் இல்லம் சிலருக்குச் சிறையாகவும் சிலருக்குச் சுடுகாடாகவும் அமைந்ததுண்டு என்பதை அதே இலக்கியம் மறைத்துவிடவில்லை. இல்லறத்தின் புகழைக் கூறும் பகுதிகள் மேடைகளிலே மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படுகின்றன. அதன் இருளைக் காட்டும் பகுதிகளோ படிப்பார் கண்ணீரைப் பெற்றதோடு அமைந்துவிடுகின்றன. அக்கண்ணீருக்கு அப்பாற் சென்று, இல்லகத்து இன்னாமையைத் தமிழிலக்கியம் எவ்வாறு கண்டது, அதற்கு என்ன மறுமொழி கூறிற்று என்று ஆராய்தல் பயனுடையதாகும்.

இல்லகத்துக் கொடுமை இருவகைப்படும். ஒன்று, உடம்பிலே தழும்பாக நிற்பது, அயலார் காணக்கூடியது. மற்றையது, தழும்பில்லாதது. ஏளனம், பழிச்சொல், பிறர் முன்னிலையிற் சிறுமைப்படுத்தல், கேட்ட வினாவுக்கு விடையிறாமை, பிறந்த வீட்டாரோடும் நட்பினரோடும் பழகவிடாமற் பிரித்தல், உணவிடும்போது முகம் திரிதல் என அதன் வடிவங்கள் பல. இவற்றுள் ஒவ்வொன்றையும் தனியே எடுத்து நோக்கின் அற்பமாகத் தோன்றும். துன்புற்றவர் அதனை எடுத்துரைப்பின், ‘இதுவும் ஒரு குறையா?’ என்று கேட்பவர் நகைப்பர். நாள்தோறும் சொட்டும் நீர் கல்லைக் குழியாக்குவதுபோல, இவை ஒருங்குசேர்ந்து ஒருவரின் மனத்திண்மையை அழித்துவிடும். இரண்டாம் வகைக்குச் சான்றாளர் கிடையாமையே அதன் பெருவலியாகும்.

இவ்வகைக் கொடுமையைக் குறிக்கப் பழந்தமிழரிடம் சொற்கள் இல்லாமற் போகவில்லை. அகப்பொருள் இலக்கணம் அம்பல், அலர், இற்செறிப்பு, அறத்தொடு நிற்றல் என்னும் நான்கு சொற்களை வழங்குகின்றது. ஊரார் தமக்குள் முணுமுணுத்துக்கொள்வது அம்பல். அது வெளிப்பட்டுப் பரவுவது அலர். அலருக்கு அஞ்சிய பெற்றோர் மகளை வீட்டினுள்ளே அடைத்துக் காப்பது இற்செறிப்பு. இம்மூன்றும் தனியொருத்தியின்மேல் ஊரும் குடும்பமும் சேர்ந்து செலுத்தும் அழுத்தத்தின் படிகள். நான்காவதாகிய அறத்தொடு நிற்றலோ அவ்வழுத்தத்துக்கு மாற்றாக அமைந்தது. உண்மையை அறிந்த ஒருவர் உரியவரிடம் அதனை எடுத்துரைத்தலே அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்குமாக உண்மை கைமாறிச் செல்லும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளால் ஆனது. அப்பாட்டு முழுவதும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் கூற்றேயாகும். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவுறுத்த அது பாடப்பட்டது என்பர். வேற்று மொழியாளனுக்குத் தமிழ் நெறியைக் காட்ட முற்பட்ட புலவர், போரையோ கொடையையோ தேராது, அடைபட்ட பெண்ணொருத்திக்காக இன்னொருத்தி வாய்திறந்து பேசும் காட்சியைத் தேர்ந்தார் என்பது எண்ணத்தக்கது.

இந்நான்கு சொற்களையும் உரைகல்லாகக் கொண்டு பிற்காலத்து ஆக்கங்கள் மூன்றனை நோக்கலாம். ஒன்று, மக்களிடையே வழங்கும் நல்லதங்காள் கதை. மற்றொன்று, இராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம். பிறிதொன்று, திருகோணமலை தந்த சரவணமுத்துப்பிள்ளையின் தத்தை விடு தூது. முதலாவதிற் கொடுமைக்கு ஆளானவள் இறக்கிறாள். இரண்டாவதிற் பழியைக் கேட்டவர் துறக்கிறார். மூன்றாவதில் அடைபட்டவள் பேசுகிறாள். இறத்தல், துறத்தல், பேசல் என்னும் இம்மூன்றுமே இல்லகத்து இன்னாமைக்குத் தமிழிலக்கியம் கண்ட வழிகள் எனலாம்.

நல்லதங்காள் கதை புகழேந்திப் புலவர் பெயரால் அச்சாகி வழங்கிய மக்கட் பாடல்களுள் ஒன்று. நாடகமாகவும் திரைப்படமாகவும் அது பலமுறை உருப்பெற்றது. அர்ச்சுனாபுரத்திற் பிறந்து மானாமதுரைக் காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்ட நல்லதங்காள், பன்னிரண்டாண்டுப் பஞ்சத்தினால் வாடித் தன் ஏழு மக்களுடன் அண்ணன் வீட்டை நாடி வருகிறாள். அண்ணன் மனைவி மூளி அலங்காரி அவளைக் கண்டதும் கதவை அடைக்கிறாள். பின்னர் உள்ளே சென்றவளுக்கு உளுத்துப்போன தானியமும், ஓட்டைப் பானையும், எரியாத ஈர விறகும் கிடைக்கின்றன. மனமுடைந்த நல்லதங்காள் மக்களைக் கிணற்றில் எறிந்து தானும் மாய்கிறாள்.

இக்கதையைக் கட்டியவர் இல்லகத்துக் கொடுமையின் இயல்பை நுட்பமாக அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. மூளி அலங்காரி நாத்தனாரை அடிக்கவில்லை; உணவில்லை என்றும் கூறவில்லை. உணவு என்ற பெயரால் உண்ணமுடியாததையும், விறகு என்ற பெயரால் எரியாததையும் தருகிறாள். யாராவது வினவின், ‘வந்தவளுக்கு வேண்டிய யாவும் கொடுத்தேன்’ என்று அவள் கூறலாம். அவ்விடையிற் சொல்லளவிற் பொய்யும் இராது. தழும்பில்லாத கொடுமைக்கு இதனினும் செவ்விய சான்று காண்டல் அரிது. கொடுப்பதுபோல் மறுத்தலே அதன் உயிர்நிலை.

ஆனால், கதையின் பெருங்குறையும் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. நல்லதங்காள் அண்ணனை முன்னரே வழியிற் காண்கிறாள். வேட்டைக்கு வந்த அவன் அன்பு மொழி கூறித் தங்கையையும் குழந்தைகளையும் தன் வீட்டுக்கு அனுப்புகிறான். தானோ உடன் செல்லவில்லை. வீட்டின் தலைவன் அவன். அவ்வீட்டில் நிகழ்வனவற்றுக்கு முதற்பொறுப்பு அவனுடையது. கதை அவனை நல்லவனாகவே காட்டி, அவன் செய்யத் தவறியதை வினவாமல் விட்டுவிடுகிறது. அவ்வூரில் அயலார் இருந்தனர், பணியாட்கள் இருந்தனர், ஒருவரும் அறத்தொடு நிற்கவில்லை. எல்லாம் முடிந்தபின் அண்ணன் சினந்து மனைவியைத் தண்டிக்கிறான். காலத்திற் பேசாத அன்பு, காலங்கடந்து பழிவாங்கும் சினமாக மாறுகிறது. அச்சினம் ஏழு குழந்தைகளுள் ஒன்றையேனும் மீட்டுத் தரவில்லை.

மேலும், மாண்டவள் பின்னர்த் தெய்வமாகிறாள். விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் இன்றும் அவளுக்குக் கோயில் உண்டு. துன்புற்றவளைத் தெய்வமாக்குதல் மக்கள் மனத்தின் இரக்கத்தைக் காட்டும் என்பது உண்மையே. ஆயினும், உயிரோடு வந்தபோது அடைத்த கதவை, மாண்டபின் கோயிற் கதவாகத் திறந்து வைப்பதனால் யாருக்கு நன்மை? சாவை உயர்த்தும் கதை, வாழ வழியுண்டு என்பதை மறைத்துவிடுகிறது. உயிருக்கு மன்றாடும் மூத்த மகனின் குரலே இக்கதையில் அறத்தின் குரல். கேட்போர் தாயின் கற்பை வியந்து அக்குரலை மறந்துவிடுகின்றனர். தாயின் துயரம் எத்துணைப் பெரிதாயினும் குழந்தைகளின் உயிர் அவளுடைய உடைமையன்று. இக்கதையை மாணவர்க்குக் கற்பிப்போர் இதனைத் தெளிவுறக் கூறாது விடுதல் தகாது.

கமலாம்பாள் சரித்திரம் வேறு வகையது. வத்தலக்குண்டிற் பிறந்த இராஜமையர் (1872–1898) இளமையிலேயே எழுதிய இந்நாவல், 1893ஆம் ஆண்டு முதல் விவேக சிந்தாமணி என்னும் இதழில் தொடர்ந்து வெளிவந்து 1896இல் நூலாயிற்று. ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்பது அதன் மற்றொரு பெயர். தமிழில் நாவல் தோன்றிச் சில ஆண்டுகளே சென்றிருந்த காலத்தில், ஓராசிரியர் வீரச்செயலையோ விந்தைச் செலவையோ பொருளாகக் கொள்ளாது, வீண்பழியையே நாவலின் பொருளாகவும் பெயராகவும் கொண்டார் என்பது வியத்தற்குரியது.

சிறுகுளம் என்னும் ஊரில் முத்துஸ்வாமி ஐயரும் அவர் மனைவி கமலாம்பாளும் இசைந்து வாழ்கின்றனர். தம்பியின் மனைவி பொன்னம்மாளின் அழுக்காறும், ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் ‘வம்பர் மகாசபை’யின் நாவும் அக்குடும்பத்தைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. உடன்பிறந்தார் பிரிகின்றனர். முடிவில் கமலாம்பாளின் ஒழுக்கத்தின்மேலேயே பழி எழுகின்றது. அதனைக் கேட்ட முத்துஸ்வாமி ஐயர் வீட்டுக்குத் திரும்பி மனைவியை வினவி உண்மை அறிய முற்படாது துறவு வாழ்வை நாடுகிறார். பிற்பகுதியில் ஐயம் நீங்கி இருவரும் மீண்டும் கூடுகின்றனர்.

இராஜமையரின் வெற்றி வம்பர் மகாசபையைப் படைத்ததில் உள்ளது. ‘மகாசபை’ என்னும் பெரும்பெயரை வம்புக்குச் சூட்டியது வெறும் நகைச்சுவையன்று. நாட்டு மக்களின் குறைகளை எடுத்துரைக்கப் பெருஞ்சபைகள் தோன்றிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றுக்கு நிகராகத் தீர்மானமும் தலைமையும் உடையதாக வம்பும் இயங்குகிறது என்று அவர் காட்டினார். பழி தனியொருவரின் தீமையால் மட்டும் வாழ்வதில்லை. அதனைக் கேட்டுச் சுவைக்க ஒரு கூட்டம் வேண்டும். பழந்தமிழர் அலர் என்றது இதனையே. அகப்பாடல்களில் அலர் காதலரை மணத்துக்கு விரைவிக்கும் கருவியாகவும் பயன்பட்டது; இராஜமையரின் நாவலிலோ அலர் மணந்தவரைப் பிரிக்கும் நஞ்சாகிறது. உரைநடை நாவல் பழைய அகப்பொருளை எடுத்து அதன் மறுபுறத்தைக் காட்டியதற்கு இது தக்க சான்று.

எனினும், இந்நாவலின் தீர்வு ஆராய்தற்குரியது. முத்துஸ்வாமி ஐயரின் துறவை ஆசிரியர் ஆன்ம வளர்ச்சியாகக் காட்டுகிறார். வேதாந்த ஈடுபாடு மிக்கவரும், பின்னர்ப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராக விளங்கியவருமான இராஜமையருக்கு அது இயல்பே. ஆனால், கமலாம்பாளின் பக்கத்தில் நின்று பார்த்தால் அத்துறவு வேறு தோற்றம் பெறுகிறது. பழி சொன்னவர் ஊரார். அதனை வலுவுடையதாக்கியது கணவரின் மௌனம். குற்றம் சாட்டப்பட்டவளுக்கு விடையளிக்கும் வாய்ப்பே மறுக்கப்பட்டது. நீதிமன்றத்திற் கள்வனுக்குக் கிடைக்கும் உரிமை, பல்லாண்டு உடன்வாழ்ந்த மனைவிக்குக் கிடைக்கவில்லை. கேளாது விலகுதலும் கொடுமையின் ஒரு வடிவமே. அவ்விலகலுக்குத் துறவு என்னும் உயர்ந்த பெயர் கிடைத்ததனால் அதன் இன்னாமை குறைந்துவிடாது.

இனி, மூன்றாவது நூல். திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளை சென்னை மாநிலக் கல்லூரியில் நூல்நிலையப் பொறுப்பில் இருந்தவர். தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படும் மோகனாங்கியை 1895இல் வெளியிட்டவர். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1892இல், அவரது தத்தை விடு தூது வெளிவந்தது. பெண்ணின் அடிமை நிலையைக் கண்டித்து அவளுடைய விடுதலையை வேண்டும் நூல்களுள் காலத்தால் முற்பட்டது அது. பாரதியின் பெண்விடுதலைப் பாடல்கள் தோன்றுவதற்கு முன்னரே திருகோணமலையான் ஒருவன் இப்பொருளைப் பாடினான் என்பது அந்நகருக்குப் பெருமை தருவதாகும். ஆயினும், பெருமை பேசுவதோடு நின்றுவிடின் நூலின் பொருள் மறைந்துபோகும்.

தூது என்பது பழைய பிரபந்த வகை. அரசனையோ இறைவனையோ வள்ளலையோ காதலித்த தலைவி, அன்னம், கிளி, மேகம், நெஞ்சு முதலியவற்றுள் ஒன்றை விடுத்து மாலை வாங்கிவரச் சொல்லுதல் அதன் மரபு. அவ்வகையிற் பெரும்பாலும் பெண்ணின் துயரம் தலைவனின் புகழைப் பெருக்குவதற்கே ஒரு வழியாக இருந்தது. சரவணமுத்துப்பிள்ளை அவ்வடிவத்தைக் கைக்கொண்டு அதன் நோக்கத்தை மாற்றினார். அவருடைய தலைவி வீட்டுக் காவலில் இருந்துகொண்டு கிளியிடம் பேசுகிறாள். அவளது துன்பத்துக்குக் காரணம் காமநோய் மட்டுமன்று. விரும்பியவனை மணக்கவிடாது தடுத்துவைத்த குடும்பமும், பெண்ணை அறியாமையில் அழுத்திவைத்த வழக்கமும் அவள் குற்றச்சாட்டுக்கு உள்ளாகின்றன. சுருங்கக்கூறின், சங்கப் பாடல்களில் ஒரு துறையாக மட்டும் நின்ற இற்செறிப்பு, இந்நூலிற் குற்றமாகப் பெயர் பெறுகிறது.

இங்கு எழும் வினா ஒன்றுண்டு. அவள் ஏன் கிளியிடம் பேசுகிறாள்? மரபு அவ்வாறு என்பது ஒரு விடை. அதனினும் ஆழ்ந்த விடை, அவளுக்குத் தோழி இல்லை என்பதே. குறிஞ்சிப்பாட்டில் தோழி உண்டு. அவள் பேச்சைக் கேட்கச் செவிலியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அடைபட்ட வீட்டில் அச்சங்கிலி அறுந்துகிடக்கிறது. மனிதர் வாய்திறவாத இடத்திற் பறவையே தூதாக வேண்டியிருக்கிறது. சொன்னதைச் சொல்லும் கிளி, அவள் சொல்லைத் திரிக்காது. வம்பர் மகாசபையைப் போல ஒன்றுக்குப் பத்தாகப் பெருக்கவும் மாட்டாது. இவ்வாறு நோக்கின், தூது என்னும் பழைய வடிவம் இந்நூலிற் புதிய உயிர் பெறுவதை உணரலாம். ஆயினும், கிளி கதவைத் திறக்காது. துன்பத்தைப் பெயரிட்டுக் கூறுதல் விடுதலையின் முதற்படி. அதுவே முழு விடுதலையன்று. அவ்வெல்லையை நூலின் குறையெனக் கூறுவதினும், அக்காலச் சமூகத்தின் குறையெனக் கூறுதலே பொருந்தும்.

மோகனாங்கிக்குப் பின்புலமாகிய தஞ்சை வரலாறும் இப்பொருளோடு தொடர்புடையதே. மதுரை நாயக்கனாகிய சொக்கநாதன் தஞ்சை விசயராகவ நாயக்கனின் மகளை மணம் வேண்ட, தந்தை மறுத்தான், போர் மூண்டது. 1673இல் தோல்வி நெருங்கியபோது பெண்கள் பகைவர் கையில் அகப்படாதவாறு அந்தப்புரம் வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது என வரலாறு கூறும். குடும்ப மானம் என்னும் பெயரால் பெண்களின் உயிர் அவர்களைக் கேளாமலே முடிவு செய்யப்பட்ட நிகழ்ச்சி அது. பெண்ணின் விருப்பத்தைத் தூதாகப் பாடிய புலவர், தம் நாவலுக்கும் அவ்வரலாற்றையே நாடிச் சென்றது தற்செயலெனக் கொள்வதற்கில்லை.

இம்மூன்று நூல்களையும் ஒருங்குவைத்து நோக்கின் மற்றோர் உண்மை புலனாகும். மூளி அலங்காரியும் பொன்னம்மாளும் பெண்கள். வீட்டுக் கொடுமையைப் பேசவந்த கதைகள் பெரும்பாலும் மாமியையோ நாத்தனாரையோ ஓர்ப்படியாளையோ கொடியவளாக்கி, வீட்டுத் தலைவனை நல்லவனாகவே விட்டுவிடுகின்றன. அடுக்களையின் திறவுகோல் அவளிடம் இருந்தது. அத்திறவுகோலை அவளிடம் கொடுத்தவன் எவன் என்பது கேட்கப்படவில்லை. சொத்தும் சொல்லும் ஆடவரிடம் இருந்த வீட்டில், பெண்ணுக்குக் கிடைத்த சிறிய அதிகாரம் மற்றொரு பெண்ணின்மேலேயே செலுத்தப்பட்டது. இது பொன்னம்மாளின் குற்றத்தைக் குறைக்காது. ஆயினும், குற்றத்தின் வேரைக் காட்டும். தத்தை விடு தூது இவ்வகையில் ஏனை இரண்டினும் மேம்பட்டது. அது தனியொரு கொடியவளைத் தேடாது, கொடுமையை வழக்கமாக்கிய அமைப்பை நோக்கிப் பேசுகிறது.

‘பொறுத்தாரே பெரியோர்’ என்பது இவ்விடத்திற் பலர் கூறும் விடை. திருக்குறளிற் பொறையுடைமை என்னும் அதிகாரம் இல்லறவியலில் வைக்கப்பட்டிருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அவ்வதிகாரத்தை வெகுளாமை என்னும் அதிகாரத்தோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். தன் சினம் பலிக்கக்கூடிய மெலியாரிடத்தே அதனை அடக்குதலையே வள்ளுவர் அடக்கமாகக் கருதினார்; பலிக்காத வலியாரிடத்தே அடங்குதலுக்கு அவர் பெருமை தரவில்லை. எனவே, பொறுமை வலியவர்க்கு விதித்த அறம். திருப்பி ஒறுக்கும் ஆற்றலுடையான் ஒறாமையே பொறுமை. வேறு வழியற்றவள் துன்பத்தைத் தாங்குதல் பொறுமையன்று, கையறு நிலை. வலியவனுக்குக் கூறிய அறத்தை மெலியவள்மேற் சுமத்துதல் நூலைத் தலைகீழாகப் படித்தலாகும். இல்லறவியலிலேயே இனியவைகூறலும் புறங்கூறாமையும் பயனில சொல்லாமையும் இடம்பெற்றிருத்தலை, பொறுமையை மட்டும் எடுத்தோதுவோர் நினைவுகொள்ளுதல் நலம்.

இலக்கியத்தை இவ்வாறு வாழ்க்கையோடு ஒட்டி அளத்தல் முறையோ என ஒரு தடை எழலாம். கதை கதையே, அதன் சுவையை நோக்குதலே திறனாய்வு என்பர் சிலர். சுவையை நோக்குதல் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால், நல்லதங்காளின் அவலச்சுவை எவ்விடத்திற் பிறக்கிறது? காத்திருக்கக்கூடியவர் காக்காமையிலேயே பிறக்கிறது. அதனை உணராது அழுபவர் சுவையையும் முழுமையாக உணர்ந்தவராகார். அறநோக்கு இங்கே சுவைக்குப் பகையன்று. சுவையின் உள்ளே புகுவதற்கு அதுவே வாயில்.

காலம் மாறியுள்ளது. இந்தியாவும் இலங்கையும் 2005ஆம் ஆண்டிலேயே வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டங்களை இயற்றின. இலங்கையின் 34ஆம் இலக்கச் சட்டம், உடலுக்கு விளைக்கும் ஊறோடு, கடுமையாக இழிவுபடுத்தும் நடத்தையால் உள்ளத்துக்கு விளைக்கும் ஊறையும் வன்முறையாகக் கொள்கிறது. கணவன் மனைவியர் மட்டுமன்றிப் பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஏனை உறவினரும் அதன் வரம்புள் அடங்குவர். துன்புற்றவர் நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை வேண்டலாம். அவர் சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். பிறர் ஒருவர் முன்வந்து பேசலாம் என்னும் இவ்விதி, அறத்தொடு நிற்றலின் இக்காலச் சட்ட வடிவமேயாகும். கல்வி நிலையங்களிற் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டது. வீட்டிற் கற்ற ஏளனமே கல்லூரியிற் பகிடிவதையாகவும், பின்னர்த் தான் அமைக்கும் இல்லத்தில் அடக்குமுறையாகவும் வளர்கின்றது என்பதை ஆசிரியரும் மாணவரும் மறத்தலாகாது.

ஆயினும், சட்டம் கதவுக்கு வெளியே நிற்பது. அழைத்தாலன்றி அது உள்ளே வாராது. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரில் ஒரு வீட்டுச் சுவருக்கு அப்பால் நாள்தோறும் ஒருவர் சிறுமைப்படுத்தப்படுவாராயின், அதனை முதலில் அறிபவர் நீதவான் அல்லர். அயல்வீட்டார், வகுப்புத் தோழர், வகுப்பாசிரியர், உடன்பிறந்தவர் ஆகியோரே. அவர்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. கேட்டதை நாலுபேரிடம் சொல்லி வம்பர் மகாசபையில் ஓர் உறுப்பினராதல் ஒன்று. கேட்டதை உரியவரிடம் சொல்லி அறத்தொடு நிற்றல் மற்றொன்று. இரண்டிலும் நிகழ்வது பேச்சே. யாரிடம், எதன்பொருட்டு, யாருடைய இசைவோடு பேசப்படுகிறது என்பதிலேயே அலருக்கும் அறத்துக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது.

துன்புறுவாரின் சொல்லை இடைமறிக்காது கேட்டல், கேட்டதை நம்புதல், அவர் விரும்பும் நம்பிக்கையானவரிடம் அவரை அழைத்துச் செல்லல், உயிருக்கு ஊறு நேரும் என அஞ்சப்படுமிடத்துக் காலந்தாழ்த்தாமை ஆகிய இவற்றைத் தோழியின் கடமையாகக் கபிலர் காலத்துத் தமிழர் அறிந்திருந்தனர். அண்ணன் தங்கையோடு தன் வீட்டு வாயில்வரை நடந்திருப்பின் அக்கதை அவலமாக முடிந்திராது. முத்துஸ்வாமி ஐயர் ஒரு வினா வினவியிருப்பின் கமலாம்பாளின் பிரிவுத் துயர் நேர்ந்திராது. சரவணமுத்துப்பிள்ளையின் தலைவிக்கு ஒரு தோழி வாய்த்திருப்பின் அவள் கிளியை நாடியிராள். மூன்று நூல்களும் குறையாக விட்டுச்சென்ற இடம் ஒன்றே. அதனை நிரப்புதல் புலவரின் கடன் மட்டுமன்று, படிப்பவரின் கடனும் ஆகும்.